முதல் தோல் போட்ட கை

ஆம்பூர்
10-2-1935

மாமாவுக்கு அமிர்தவள்ளி எழுதுறது.

நானும் பாப்பாவும் சௌக்கியம். நீங்க சௌக்கியமான்னு கேக்கப் போறதில்லை. கேட்டா "சௌக்கியம்"னு ஒரே வார்த்தை எழுதி ஒரு முழு கார்டை வீணாக்குவீங்க.

பாப்பா பொறந்து மாசம் ஒண்ணு தாண்டிடுச்சு. இன்னும் பேர் வைக்கலை. அப்பன் வந்து காதுல சொன்னா தான் பேருன்னு எங்கம்மாகிட்ட சொல்லிட்டேன். அவங்க ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வச்சிருந்துட்டு விட்டுட்டாங்க. கை ரெண்டும் உங்க கை மாமா. அதே சப்பை விரலு, வளைஞ்ச கட்டை விரலு. பாக்க வர்றவங்க "ரத்தினசாமி கைடி இது"ன்னு சொல்லிட்டு, சொன்னதும் வாயை மூடிக்கிறாங்க. ஏன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

போன சித்திரையில நம்ம மூத்த மக செங்கமலம் ஜுரத்துல போச்சு. அதே வாரம் தோல் பதனிடற ஷாப்புல நீங்க முதல் தோல் போட்ட தொட்டி பூரா கெட்டுப் போச்சு. ரெண்டையும் ஒண்ணா முடிச்சுப் போட்டு, "ரத்தினசாமி கைராசி திரும்பிடுச்சு"ன்னு கோதண்டபாணி மேஸ்திரி ஒரு வார்த்தை விட்டார். தோல் ஊறப் போட புதுசா பட்டைத் தண்ணி கட்டினா முதல் தோலை உங்க கையால தான் போடணும்னு வருஷக்கணக்கா ஒத்தைக்கால்ல நின்ன அதே மேஸ்திரி. ஊர் நம்பிச்சு, போகட்டும். நீங்க நம்பினீங்களே, அதைத்தான் என்னால தாங்க முடியலை. மதராஸ் பெரியமேட்டு மண்டியில தோல் கட்டு தூக்கப் போறேன்னு போனவர், பெத்த பிள்ளையைத் தொட்டா அதுக்கு ஆகாதுன்னு அங்கேயே உக்காந்துட்டீங்க.

சரி, வேற சேதி. சாயங்காலம் ஷாப்புப் பொம்பளைங்களுக்கு நான் எழுத்து சொல்லித் தர்றேன் இல்லையா, அங்க ஒரு நாள் பூனை குறுக்கே போனா காரியம் கெடுமான்னு பேச்சு வந்துச்சு. கெடும்னு பாதி, கெடாதுன்னு பாதி, ஒரே சத்தம். பக்கத்து வீட்டு பில்கிஸ் தான் கேட்டா, "இவ்ளோ சண்டை எதுக்கு? பாத்துட்டா போச்சு." கணக்கெழுதுற முன்ஷி மக இல்லையா, எல்லாத்துக்கும் அவளுக்கு அத்தாட்சி வேணும். அதுலயிருந்து ஒரு யோசனை. இந்த ஊர்ல கூட்டத்துக்குப் பஞ்சமே இல்லை. ஒருத்தர் பேசறார், நாம கை தட்டிட்டு வீட்டுக்கு வர்றோம். நாங்க போடப் போற கூட்டத்துல பேசறவங்களே கிடையாது. வர்றவங்க ஆளுக்கு ஒரு நம்பிக்கையைக் கொண்டாரணும். அது மெய்யா பொய்யான்னு எப்படிப் பாக்கிறதுன்னு எல்லாரும் சேர்ந்து யோசிக்கணும், சேர்ந்தே பாக்கணும். "நீங்களே பாருங்க கூட்டம்"னு பேர் வச்சிருக்கோம்.

சிரிக்காதீங்க. சிரிச்சா நல்லதுதான், சிரிங்க.

அமிர்தவள்ளி


பெரியமேடு
17-2-1935

அமிர்தத்துக்கு,

கடுதாசி வந்துச்சு. அதுக்கு என் கைன்னு எழுதியிருந்தே. படிச்சுட்டு மண்டிக்குப் பின்னால போய் நின்னுட்டேன். முனீர் அகமது வந்து இன்னாப்பா ஆச்சுன்னு கேட்டான். உப்பு கண்ணுல பட்டுடுச்சுன்னேன். அவனும் இங்க தோலுக்கு உப்பு தடவுறவன் தான், நம்பினானான்னு தெரியலை.

நீ படிச்சவ. உனக்கு இதெல்லாம் பேச்சு. எனக்கு அப்படி இல்லை. செங்கமலத்தை வேலூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனப்போ, கொஞ்ச தூரம் குடு நான் தூக்கறேன்னு நீ கேட்டே. நான் குடுக்கலை. ஏன் குடுக்கலை தெரியுமா? என் கை ராசியான கை, நானே தூக்கினா பொழைச்சுக்கும்னு நெனச்சேன். நல்ல கைன்னு சொன்னப்போ வாயெல்லாம் பல்லா நம்பினவன், கெட்ட கைன்னு சொல்லும்போது மட்டும் எப்படி நம்பாம இருக்கறது?

அது நல்லா இருக்கட்டும். நான் தூரத்துல இருக்கேன். அதுக்கு அதுதான் நல்லது.

கூட்டம் போடு. வேணாம்னு சொன்னா நீ கேக்கவா போறே. என் பேரை மட்டும் அதுல இழுக்காதே.

ரத்தினசாமி


ஆம்பூர்
4-3-1935

மாமாவுக்கு,

அவளை அதுங்கறீங்க, இதுங்கறீங்க. ஆட்டுக்குட்டியா அது? இனிமே "அவ"ன்னு எழுதுங்க. எனக்குக் கோவம் வருது.

கூட்டம் நடந்துச்சு. பாலாத்துல மணல் தானே இருக்கு, தண்ணி எங்க இருக்கு. வெயில் தாழ ஆத்து மணல்ல பாய் விரிச்சு உக்காந்தோம். பத்து பேர் வந்தா பெரிசுன்னு இருந்தோம், பாய் பத்தாம மணல்லயே உக்காந்தாங்க. முதல்லயே ஒண்ணு பேசிக்கிட்டோம். சாமி, அல்லா, தாயத்து, இதையெல்லாம் சந்திக்கு இழுக்கறதில்லை. கண்ணால பாத்துத் தீர்க்க முடிஞ்சது மட்டும் தான். யாரையும் பாத்து யாரும் சிரிக்கக் கூடாது. ஒரு தடவை நடந்துச்சுன்னா அது கணக்கில்லை, திரும்பத் திரும்பப் பாக்கணும். இந்தக் கடைசி சட்டம் பில்கிஸ் போட்டது.

சுகரா பேகம் எழுந்து, காக்கா கத்தினா விருந்தாளி வருவாங்க, இது எங்க வீட்ல தப்பினதே இல்லைன்னாங்க. சரி, காக்கா கத்தியும் யாரும் வராத நாள் எத்தனைன்னு பில்கிஸ் கேட்டா. "அதை யாருடி ஞாபகம் வச்சிருப்பாங்க?"ன்னாங்க. சொன்னதும் அவங்களுக்கே சிரிப்பு வந்துடுச்சு. யாரும் சிரிக்கக் கூடாதுங்கற சட்டம் அங்கயே உடைஞ்சுது. இந்த மாசம் பூரா ரெண்டையும் கவனிச்சுட்டு வந்து சொல்றேன்னு இருக்காங்க.

அப்புறம் கோதண்டபாணி மேஸ்திரி எழுந்தார். பொம்பளைங்க இன்னா பண்றாங்கன்னு வேடிக்கை பாக்க வந்தவர் தான். "முதல் தோல் போடுற கையில தாம்மா எல்லாம் இருக்கு. அதையும் சோதிப்பீங்களா?"ன்னார். எல்லாரும் என்னைப் பாத்தாங்க. பாப்பா என் மடியில தூங்கிட்டிருந்தா. பாக்கலாம் மேஸ்திரின்னேன். உங்க பேரை நான் இழுக்கலை மாமா. அவர் கேட்டார், நான் சரின்னேன், அவ்வளவுதான்.

ஷாப்பு முதலாளி வாஹித் பாஷா சாயபுவும் ஓரமா நின்னு கேட்டுட்டிருந்தாராம். மறுநாள் கூப்பிட்டனுப்பி, ஒரு ஆட்டுத்தோலும் வேண்டிய பட்டையும் தர்றேன், பட்டைக் கொட்டாயில பானை வச்சுப் பாருங்கன்னார். ஒரே தோலைத் துண்டு போட்டு, ஒரே மாதிரி பானை, ஒரே ஆவாரம்பட்டைத் தண்ணி. ஒவ்வொரு பானையிலயும் ஒவ்வொருத்தர் கையால துண்டைப் போடறது. மேஸ்திரி ஒரு பானை. தோல்ல சுரண்டின மயிரைக் கூட்டுற பட்டம்மாள் ஒரு பானை. புருஷன் செத்துப் போனதுலயிருந்து அந்தம்மாவைத் தொட்டிப் பக்கம் வர விடறதில்லையே, அவங்களேதான். இன்னும் சில பேர்.

உங்க கை இல்லாம தான் ஆரம்பிச்சிருக்கோம்.

அமிர்தவள்ளி


பெரியமேடு
9-3-1935

அமிர்தம்,

இழுக்காதேன்னு சொன்னேன். ஊருக்கு நடுவுல என்னைப் பானையில போட்டு ஊற வைக்கிறியே.

நாளைக்கு அந்தப் பட்டம்மாள் பானை கெட்டா இன்னா பண்ணுவே? இப்போ ஜனங்க காதோடு காதா பேசறாங்க. நீ நாலு பேரைச் சாட்சி வச்சு மெய்யின்னு ஆக்கித் தரப்போறே. அந்தப் பொம்பளை அப்புறம் எங்க போகும்? அதை யோசிச்சியா?

முனீர் ஊருக்கு வர்றான். அதுக்கு ஒரு கிலுகிலுப்பை குடுத்தனுப்பறேன். பயப்படாதே. கடைக்காரனையே காகிதத்துல சுத்தச் சொல்லி முனீர் கையில வாங்கச் சொன்னேன். நான் தொடலை.

ரத்தினசாமி


ஆம்பூர்
24-3-1935

மாமா,

"நான் தொடலை"ன்னு எழுதியிருந்தீங்களே, அதைப் படிச்சுட்டு நான் அழுத அழுகைக்கு பாப்பா முழிச்சுட்டு அவளும் அழுதா. எங்கம்மா ஓடி வந்து ரெண்டு பேருக்கும் சேர்த்துத் திட்டினாங்க. கிலுகிலுப்பையை நான் அவகிட்ட குடுக்கலை. காகிதத்தோடயே மாடத்துல வச்சிருக்கேன். நீங்க தொட்டு ஆட்டினா தான் அவளுக்கு. அதுவரைக்கும் அது அங்கேயே தூசி பிடிச்சுக் கிடக்கட்டும்.

பானைச் சேதி எழுதறேன். நீங்க சொன்னது தான் நடந்துச்சு. மேஸ்திரி பானையில துண்டு நல்லா சிவந்து வந்துச்சு. பட்டம்மாள் பானை நாத்தம். மூடியை எடுத்துப் பாத்துட்டு அந்தம்மா முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு நடந்துட்டாங்க. உங்க கடுதாசி மேல சத்தியமா, இந்த வம்பை ஏன் இழுத்தோம்னு ஆயிடுச்சு.

பில்கிஸ் விடலை. ஒரு தடவை கணக்கில்லைன்னு நாமதானே சொன்னோம்னு திரும்பவும் வைக்கச் சொன்னா. இந்தத் தடவை பட்டை சலிக்கிற சாக்குல கொட்டாயிலயே உக்காந்துக்கிட்டா. அவ பாத்ததைக் கேளுங்க. பானை மேல சுண்ணாம்பால பேர் எழுதியிருந்தோம் இல்லையா, அதுதான் நாங்க பண்ண பைத்தியக்காரத்தனம். போற வர்ற ஆளெல்லாம் மேஸ்திரி பானையில கையை விட்டு ஒரு புரட்டு புரட்டறான். ஒருத்தன் புதுப் பட்டை ஒரு பிடி போடறான். இன்னொருத்தன் வெயில் படுதுன்னு நிழலுக்கு நகத்தறான். யாரும் ஏமாத்தணும்னு செய்யலை. ராசியான பானையாச்சேன்னு ஒரு மரியாதை. பட்டம்மாள் பானையை ஒருத்தரும் தொடலை. நாம தொட்டா இன்னும் கெட்டுடுமோன்னு பட்டம்மாளே தொடலை.

அது தெரிஞ்சதும் பேரை எல்லாம் அழிச்சோம். பானைக்கு அடியில மட்டும் பில்கிஸ் ஒரு குறி போட்டா, அது எது யாருதுன்னு அவளைத் தவிர எனக்கே தெரியாது. ஆள் முறை வச்சு எல்லாப் பானையையும் ஒரே மாதிரி புரட்டினோம். இப்போ எல்லாத் துண்டும் ஒண்ணுபோல வருது. பட்டம்மாள் தினம் ஒரு தடவை வந்து எட்டிப் பாத்துட்டுப் போறாங்க.

நீங்க கேட்டதுக்குப் பதில். பானை கெட்டா இன்னா பண்ணுவேன்னா, கெட்டுதுன்னு உங்களுக்கு எழுதுவேன். மறைக்கமாட்டேன். எனக்கும் பயம் இருக்கு மாமா. ஆனா பாக்காம பயந்துட்டே கிடக்கறதுக்கு என் உடம்புல தெம்பு இல்லை.

நீங்க வர வேணாம். உங்க கையால உப்பு தடவின ஒரு துண்டு தோல் அனுப்புங்க. அது போதும்.

அமிர்தவள்ளி


பெரியமேடு
6-4-1935

அமிர்தம்,

உன் கடுதாசியை முனீர்கிட்ட படிச்சுக் காட்டினேன். பேர் எழுதி வச்ச பானைக்கு எல்லாரும் உபசாரம் பண்ணதைக் கேட்டுட்டு, அவன் உப்பு மூட்டை மேல உக்காந்து ஒரு மூச்சு சிரிச்சான். எனக்குச் சிரிப்பு வரலை. ராத்திரி பூரா அதுவே ஓடுது.

ஒரு துண்டு கேட்டே. அனுப்பமாட்டேன். உன்னை எனக்குத் தெரியாதா? என் துண்டுன்னு தெரிஞ்சா அடைகாக்கிற கோழி கணக்கா அந்தப் பானைகிட்டயே உக்காந்துக்குவே. மேஸ்திரிக்குத் தெரிஞ்சா அவர் அந்தப் பக்கமே வரமாட்டார்.

அதனால ரெண்டு துண்டு பார்சல்ல வருது. ஒரே தோலுல வெட்டினது. ஒண்ணு நான் உப்பு தடவி மடிச்சது, இன்னொண்ணு முனீர். ஒண்ணுல மூலையை வெட்டி வச்சிருக்கேன். எது யாருதுன்னு எங்க ரெண்டு பேருக்கு மட்டும் தான் தெரியும். கூட்டம் முடியற வரைக்கும் முனீரை ஊர்ப் பக்கம் வர விடமாட்டேன். அவன் வாய் கெட்டி, பிரியாணி போட்டுக் கேட்டாலும் சொல்லமாட்டான். ஆனா மூஞ்சியில எழுதி ஒட்டியிருக்கும்.

தினம் புரட்டச் சொல்லு. வெயில் ஜாஸ்தி ஆகுது.

அவளுக்கு வேர்க்குரு வந்திருக்கான்னு பாரு. செங்கமலத்துக்கு இந்த மாசம் தான் வரும்.

ரத்தினசாமி


ஆம்பூர்
6-5-1935

மாமாவுக்கு,

அவளுக்கு வேர்க்குரு இருக்கு. அவளுக்குன்னு எழுதினீங்களே, அந்த இடத்தை எத்தனை தடவை படிச்சேன்னு கேக்காதீங்க.

நேத்து கூட்டம். வந்தவங்களை எண்ணவே முடியலை, நாட்றம்பள்ளியிலயிருந்து கூட வண்டி கட்டிட்டு வந்திருந்தாங்க. சுகரா பேகம் காக்கா கணக்கைச் சொன்னாங்க. கத்தின நாளெல்லாம் கத்திட்டே தான் இருந்துச்சாம், விருந்தாளி தான் வரலையாம். ஒரே ஒரு நாள் அவங்க நாத்தனார் வந்தாங்க, அன்னிக்குக் காக்கா கத்தவே இல்லையாம். "கத்தியிருந்தா நான் கதவைச் சாத்தியிருப்பேனே"ன்னாங்க.

அப்புறம் உங்க ரெண்டு துண்டையும் மணல்ல வெள்ளைத் துணி மேல வச்சோம். எல்லாரும் வரிசையா வந்து தடவி, மடிச்சு, மோந்து பாத்தாங்க. ரத்தினசாமி துண்டு எதுன்னு கேட்டோம். பாதிப் பேர் இதுன்னாங்க, பாதிப் பேர் அதுன்னாங்க. ரெண்டும் அவ்வளவு நல்லா வந்திருக்கு. கடைசியில மேஸ்திரி வந்தார். ரொம்ப நேரம் பாத்தார். மூலை வெட்டின துண்டை எடுத்து, "இது நல்ல கை. இது ரத்தினசாமி இல்லை"ன்னார். எது உங்க துண்டுன்னு எனக்கே தெரியாது.

அப்போ பட்டம்மாள் எழுந்தாங்க. அந்தம்மா கூட்டத்துல வாயைத் திறந்து நான் பாத்ததில்லை. மெதுவா தான் கேட்டாங்க. "ரெண்டையும் தினம் புரட்டினோம், ரெண்டும் நல்லா வந்திருக்கு. போன வருஷம் கெட்டுப் போச்சே அந்தத் தொட்டி, அதை யாரு புரட்டினது?"

ஷாப்பு ஆளுங்க எல்லாம் மணலைப் பாத்துட்டு உக்காந்திருந்தாங்க. மேஸ்திரி அந்தத் துண்டைக் கையில வச்சுக்கிட்டே நின்னார். அப்புறம் அவர் சொன்னதை அப்படியே எழுதறேன்.

"யாரும் புரட்டலைம்மா. குழந்தை செத்த சேதி வந்ததுலயிருந்து ஒருத்தனும் அந்தத் தொட்டிகிட்ட போகலை. நானும் போகச் சொல்லலை. எனக்கே பயம். அக்கினி வெயில்ல அது அப்படியே கிடந்துச்சு."

சொல்லிட்டு துண்டைக் கீழே வச்சுட்டு உக்காந்துட்டார். இத்தனை நாளா அவரை எத்தனை சாபம் விட்டிருப்பேன், இப்போ அவரைத் திட்டணும்னே தோணலை. கெட்டுடும்னு பயந்து விட்டாங்க, விட்டதால கெட்டுது. கெட்ட பேர் மட்டும் உங்க கைக்கு. நான் அங்கேயே உக்காந்து அழுதேன். பட்டம்மாள் வந்து பாப்பாவை என்கிட்டயிருந்து வாங்கிக்கிட்டாங்க. ஊர்ல இத்தனை நாள் அந்தம்மா கையில யாரும் குழந்தையைக் குடுத்ததில்லை. பாப்பா அவங்க முந்தானையைப் பிடிச்சு இழுத்து விளையாடினா.

செங்கமலம் விஷயத்தை எந்தப் பானையிலயும் போட்டுப் பாக்க முடியாது. அது எனக்குத் தெரியும் மாமா. அதைப் பத்தி ஒண்ணே ஒண்ணு எழுதறேன். ஆஸ்பத்திரிக்குப் போறப்போ காட்பாடியில இறங்கி ஜட்கா வண்டி கிடைக்காம வெயில்ல நின்னோமே, அவ்வளவு ஜுரத்துலயும் அவ உங்க தோள்ல தலையைச் சாய்ச்சுத் தூங்கினா. அன்னிக்கு வேற யார் கைக்கும் அவ போயிருக்கமாட்டா. நான் கேட்டப்போ நீங்க குடுக்காததுக்கு எனக்குக் கோவமே இல்லை. உங்க கையை நான் அப்படித்தான் ஞாபகம் வச்சிருக்கேன்.

மேஸ்திரி இன்னிக்குக் காலையில வீட்டு வாசல்ல வந்து நின்னார். உள்ள வரலை. உங்களைத் திரும்ப வரச் சொல்லி எழுதச் சொன்னார். எழுதிட்டேன்.

எது உங்க துண்டு?

அமிர்தவள்ளி


பெரியமேடு
10-5-1935

அமிர்தம்,

மூலை வெட்டினது என்னுது.

மேஸ்திரிகிட்ட சொல்லு, ஆனா பத்து பேருக்கு முன்னால சொல்லாதே. தனியா சொல்லு. அவரும் பயந்த மனுஷன் தான், என்னை மாதிரி. மேஸ்திரி எதை நல்ல கைன்னாருன்னு முனீர்கிட்ட சொன்னதுக்கு, அப்போ என் துண்டு மட்டமா, நீ வேணும்னே நல்ல பக்கமா வெட்டி எடுத்துக்கிட்டேன்னு சண்டைக்கு வந்துட்டான். டீ வாங்கிக் குடுத்து சமாதானம் பண்ண வேண்டியதாச்சு.

தொட்டியைப் பத்தி நீ எழுதினதைப் படிச்சதும் எனக்குக் கோவம் தான் முதல்ல வந்துச்சு. ஒரு வருஷம் அமிர்தம். அப்புறம் மாடத்துல காகிதத்தோடயே இருக்கிற கிலுகிலுப்பை ஞாபகம் வந்துச்சு. நானும் அதைத்தானே செஞ்சேன். கிட்ட போகாம இருந்தா நல்லா இருக்கும்னு விட்டுட்டு உக்காந்தேன். கோவம் எங்க போச்சுன்னு தெரியலை.

வேலைக்கு வர்றேன்னு மேஸ்திரிகிட்ட சொல்லு. ஆனா முதல் தோல் போடறதுக்கு மட்டும் என்னைக் கூப்பிடக் கூடாது. யார் வேணா போடட்டும், பட்டம்மாள் போடட்டும். நான் தினம் புரட்டுறேன்.

பயம் போய்டுச்சான்னு கேப்பே. போகலை. பொய் எழுதமாட்டேன். காட்பாடியைப் பத்தி நீ எழுதினதை மட்டும் தனியா மடிச்சு சட்டையில வச்சிருக்கேன். அதைத் தொட்டுத் தொட்டுப் பாத்துட்டு தான் இதை எழுதறேன். பயத்தோடயே வர்றேன், பரவாயில்லையா?

நான் ஒரு தடவை அவளைத் தூக்கி, அவளுக்கு ஒண்ணும் ஆகலைன்னா, அது கணக்கில்லை. நீங்க போட்ட சட்டம் தானே. அப்போ மறுநாளும் தூக்கணும். அதுக்கு மறுநாளும். அவ வளர்ந்து, போதும்பா இறக்கி விடுன்னு அவளே சொல்ற வரைக்கும் தூக்கிப் பாத்துட்டே இருக்கணும். வேற வழி எனக்குத் தெரியலை.

பேர் யோசிச்சு வச்சிருக்கேன். உனக்கு எழுதமாட்டேன். முதல்ல அவ காதுக்கு.

அடுத்த சனிக்கிழமை ஜோலார்பேட்டை பாசஞ்சர்ல இறங்கறேன். வெயில்ல அவளைத் தூக்கிட்டு ஸ்டேஷனுக்கு வந்து நிக்காதே. வீட்லயே இரு. நான் வந்து வாங்கிக்கறேன்.

ரத்தினசாமி